துணிக்கு உண்டு, ஊசிக்கு இல்லை!

இரவு மணி பதினொன்று. திருமண மண்டபத்தின் மாடி அறை. கீழே வாழையிலைக் கட்டுகள் வந்து இறங்கிக்கொண்டிருக்கின்றன. பந்தற்காரர் வண்ண விளக்குகளை எரியவிட்டுப் பார்க்கிறார். விடிந்தால் மணவிழா. மாடியிலே, மணமகளின் கை இரவிக்கைக்குள் நுழைய மறுக்கிறது!

இரு பக்கமும் நின்று இழுத்துப் பார்க்கின்றனர் அத்தைமார் இருவர். “மூச்சைப் பிடித்துக்கொள், அம்மா” என்கிறார் ஒருவர். “ஒரு மாதம் இராச்சாப்பாட்டை நிறுத்து என்று அப்போதே சொன்னேனே, கேட்டாளா?” என்கிறார் மற்றவர். குற்றவாளிக் கூண்டிலே நிற்பவள்போல நிற்கிறாள் மணமகள். என்ன குற்றம்? அவள் உடல் துணியின் அளவுக்கு அமையவில்லையாம்! துணிதான் அவள் அளவுக்கு அமையவில்லை என்று சொல்ல அந்த அறையிலே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த மணமகள் என் அக்காள். மூன்றாண்டுகளுக்கு முன் நடந்தது. தங்கையாகிய நான், பள்ளியிலே வரலாறு கற்பிக்கும் நான், பட்டிமன்ற மேடையிலே பெண்ணுரிமை முழங்கிய நான், ஓரமாய் நின்று ஊக்குகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்கந்தான் இந்தக் கட்டுரையை எழுதவைக்கிறது.

அந்த இரவிக்கை நகரத்துக் கடை ஒன்றிலே தைத்தது. குளிரூட்டிய கூடம், ஆளுயரக் கண்ணாடி, அமர்ந்தால் அமிழும் இருக்கை! அக்காள் வேலை பார்த்த ஊரிலிருந்து வர இயலாத நாளில், கல்லூரிக் காலத்து அளவு ஜாக்கெட் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தனுப்பினார் அம்மா. ஐந்தாண்டுப் பழைய அளவு! அதைப் பார்த்து வெட்டினார்கள், அதைப் பார்த்துத் தைத்தார்கள். மணநாளுக்கு முதல் நாள் மாலை, பளபளக்கும் பெட்டியிலே வந்து சேர்ந்தது. இரவு பதினொரு மணிக்கு அந்தக் கடையின் கதவு திறந்திருக்குமா?

எங்கள் தெருவிலே ஒரு தையற்காரம்மா இருக்கிறார். அக்காள் பாவாடை கட்டிய நாள் தொட்டு அவளுக்குத் தைத்தவர். எந்தத் தோள் சற்றே தாழ்ந்தது என்பதுகூட அவருக்கு மனப்பாடம். “கல்யாணத்துக்கு அவரிடமா கொடுப்பது?” என்று ஒதுக்கிவிட்டோம். நள்ளிரவிலே அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டினோம்! அவர் உறங்கவில்லை. எப்படி உறங்குவார்? அதே நாளில் மணக்கோலம் பூணவிருந்த வேறு மூன்று பெண்களின் இரவிக்கைகள் அவர் மடியிலே கிடந்தன.

வாங்கினார், விளக்கருகே பிடித்துப் புரட்டினார். “பிரித்து விடலாம் என்றால் உள்ளே துணியே விடவில்லையே, பாப்பா!” என்றார். பக்கத் தையலுக்கு அப்பால் அரை அங்குலங்கூட இல்லை. இருந்த சிறிதளவிலும் ஆரி வேலையின் மணிகள் விளிம்புவரை ஏறி நின்றன. மணியின்மேல் பட்டால் இயந்திரத்தின் ஊசி முறியும். எனவே குறட்டை எடுத்தார். காசு கொட்டிக் கோத்த மணிகளை ஒவ்வொன்றாக நசுக்கினார்! அக்குளில் ஒட்டுப்போட அதே நிறத்துத் துணி வேண்டும். புடவையின் உள்முனையிலே, இடுப்பில் செருகி மறையும் பகுதியிலே, நான்கு விரல் அகலம் வெட்டிக்கொள்ளலாம் என்றார்.

“முகூர்த்தப் புடவையிலே கத்தரி வைப்பதா?” என்று அலறினார் அம்மா. இரவிக்கைத் துணியே அந்தப் புடவையோடு நெய்யப்பட்டு, அதிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டதுதானே! அந்தக் கத்தரிக்கு இல்லாத அபசகுனம் இந்தக் கத்தரிக்கு எங்கிருந்து வந்தது? கேட்டேன். விடை வரவில்லை. துணி வந்தது.

விடியற்காலை நான்கு மணிக்கு வேலை முடிந்தது. “இரண்டாயிரம் கொடுங்கள்” என்றார் அந்த அம்மையார். “இரண்டு தையலுக்கு இரண்டாயிரமா? கொள்ளையாக இருக்கிறதே!” என்றார் அப்பா. காஞ்சிபுரத்துக் கடையிலே 32,000 ரூபாய்ச் சீட்டைப் பார்த்தும் வாய் திறவாமல் எண்ணிக் கொடுத்தவர் அவர்! அங்கே பேரம் பேசினால் மதிப்புக் குறையும். இரவெல்லாம் கண் விழித்தவரிடம் பேரம் பேசினால் மட்டும் மதிப்பு ஏறுமோ?

அப்பாவைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. நல்லவர், கணக்கு எழுதிச் செலவு செய்கிறவர். அவர் கணக்கு நோட்டை மணம் முடிந்த மறுவாரம் எடுத்துப் பார்த்தேன். “துணிமணி 50,000” என்று ஒரே ஒரு வரி. புடவை 32,000, வரவேற்புக்கு லெகங்கா 18,000. கூட்டினால் காசு பிசகாமல் 50,000. திட்டமிட்டபடியே வாங்கியிருக்கிறார், பாவம்! பிறகு வந்தவைதான் வரி இல்லாத வரிகள். ஆரி வேலை 9,000. லைனிங் உட்படத் தையற்கூலி 1,200. முந்திக்குக் குஞ்சம் 600. ஃபால்ஸ் அடித்து ஓரம் தைக்க 150. லெகங்காவின் இடுப்பைப் பிடித்து நீளத்தைக் குறைக்க 1,500. நள்ளிரவுத் திருத்தம் 2,000. ஆக 14,450 ரூபாய்!

துணிக்குப் பணம் ஒதுக்கியவர் ஊசிக்கு ஒதுக்கவில்லை. அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று. 15,000 ரூபாய்க்கு மாதம் 300 ரூபாய் வட்டி. மீட்க 14 மாதமாயிற்று. வட்டி மட்டும் 4,200 ரூபாய். அக்காள் அந்த இரவிக்கையை அணிந்திருந்தது நான்கு மணி நேரம்!

தோழர்களே! நம் வீட்டுத் திருமணங்களிலே இது புதுக்கதையா? சத்திர வாடகைக்குக் கணக்கு உண்டு, சமையலுக்குக் கணக்கு உண்டு, சந்தனத்துக்கும் கற்கண்டுக்கும் கணக்கு உண்டு. தையலுக்கு மட்டும் “ஆகிறது ஆகட்டும்” என்பதே கணக்கு! காரணம் தெளிவு. புடவையின் விலையை ஊர் கேட்கும்; தைத்த கூலியை ஒருவரும் கேட்கமாட்டார். ஊர் கேட்காததைக் குடும்பமும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைத்தவன் கதையைச் சொல்லிச் சிரிக்கிறோம். அவனுக்காவது மீசை மறுபடி முளைத்தது. அம்மாவின் கம்மல் அப்படி முளைத்து வரவில்லை.

அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் தொடங்கிய திருமண உதவித் திட்டம் 2022இல் உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டது. மணவறைக்கென்று கொடுத்து வந்ததை வகுப்பறைக்கென்று கொடுக்கலாம் என அரசே கணக்கைத் திருத்திக்கொண்டது! என் மாணவி ஒருத்தி ஓராண்டுக்கு மேல் படிக்கக்கூடிய பணத்தை, நாங்கள் ஒட்டிலும் குஞ்சத்திலும் நசுக்கிய மணியிலும் விட்டோம். இந்த ஒப்பீட்டை வீட்டிலே சொன்னபோது, “நல்ல காரியத்தில் போய் இதைப் பேசுவாயா?” என்றார்கள்.

இனி, ஏன் இந்த நெருக்கடி என்று பார்ப்போம். ஒரே நாளிலே நான்கு மணப்பெண்களின் இரவிக்கைகள் ஒரு தையற்காரியின் மடியிலே குவிவானேன்? ஆண்டுக்கு 365 நாட்கள் இருக்கின்றன. ஆடி ஆகாது என்கிறது பஞ்சாங்கம், மார்கழி ஆகாது, தேய்பிறை வேண்டாம், செவ்வாய் வேண்டாம், சனி வேண்டாம்! கழித்தவை போக எஞ்சிய சில நாட்களிலே ஊரிலுள்ள அத்தனை திருமணங்களும் முட்டி மோதுகின்றன. மண்டபம் கிடைக்காது, சமையற்காரர் கிடைக்கமாட்டார், தையற்காரருக்குத் தூக்கம் கிடைக்காது! ஆவணியிலே கூலி ஏறுகிறது. ஆடியிலே அதே இயந்திரம் உறை போர்த்திக் கிடக்கிறது. கூலியை ஏற்றியது தையற்காரியின் பேராசையா, நாள் குறித்தவரின் பட்டியலா?

வேடிக்கை ஒன்று கேளுங்கள். ஆடியிலே மணம் முடிக்க அஞ்சுகிறவர்கள், ஆடித் தள்ளுபடியிலே மணப்புடவை வாங்க அஞ்சுவதில்லை! தள்ளுபடிச் சீட்டின்முன் மட்டும் மாதத்தின் தீமை மறைந்துவிடுகிறது. வாங்கியதோடு நிற்காமல், அதே ஆடியிலே தைக்கக் கொடுத்தால் எவ்வளவு எளிது! “நல்ல நாள் பார்த்துத்தான் துணியில் கத்தரி வைக்க வேண்டும்” என்று ஆவணிவரை பெட்டியிலே பூட்டி வைக்கிறார்கள். பிறகு நள்ளிரவிலே ஓடுகிறார்கள்.

“நாம் பஞ்சாங்கம் பார்ப்பதில்லையே!” என்று சில தோழர்கள் நெஞ்சு நிமிர்த்துவது தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். என் அக்காளுக்கு நடந்தது சுயமரியாதைத் திருமணந்தான்! புரோகிதர் இல்லை, ஓமப்புகை இல்லை, வாழ்த்துரைகள் உண்டு. ஆனால் நாள்? ஆவணியில் ஒரு ஞாயிறு. “விடுமுறை நாள் என்பதற்காக” என்றார் பெரியப்பா. அந்த ஞாயிறு வளர்பிறை முகூர்த்தமாகவும் வாய்த்தது, தற்செயலாக! 1967இல் அண்ணா முதலமைச்சராயிருந்தபோது சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், உற்றார் நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகக் கூறினாலோ, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ திருமணம் செல்லும் என்றது. சட்டம் கேட்பது அவ்வளவுதான்! சட்டம் கேட்காத ஆரி வேலையைக் கேட்டது யார்? புரோகிதருக்கு நூறு ரூபாய் தட்சணை கொடுப்பது மானக்கேடு என்று சொல்லும் நாம், மணிக்கும் சரிகைக்கும் ஆயிரக்கணக்கில் அழுவதை மட்டும் அழகு என்கிறோம். “ஆரியத்தை எதிர்க்கிறோம், ஆரிக்கு அடங்கிவிட்டோம்” என்று நகைத்தாள் என் கல்லூரித் தோழி. சொல்விளையாட்டுத்தான். ஆனாலும் சுருக்கென்றது.

இரவிக்கைக்கு இந்த மண்ணிலே ஒரு வரலாறு உண்டு. தென் திருவிதாங்கூரிலே, இன்றைய குமரி மாவட்டப் பகுதியிலே, ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதைச் சாதி வழக்கம் தடுத்தது. குப்பாயம் அணிந்த பெண்கள் தாக்கப்பட்டார்கள், துணிகள் கிழிக்கப்பட்டன. பல்லாண்டுகள் நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, 1859இல்தான் நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்தது. அப்போதுங்கூட, உயர்சாதிப் பெண்டிர் உடுத்தும் முறையிலே உடுத்தலாகாது என்ற கட்டோடு! அடி பட்டு வாங்கிய ஆடை அது. என் உடம்பை எப்படி மறைப்பது என்பது என் உரிமை என்று நின்றார்கள் அந்தப் பெண்கள்.

என் அக்காளின் இரவிக்கைக்கு வருவோம். கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார். கை முழங்கைவரை வேண்டும் என்றார் அவளுடைய நாத்தனார். மணி கோத்தால் விளக்கொளியில் மின்னும் என்றாராம் படம் பிடிப்பவர். உடுத்தப்போகிறவளைக் கேட்டார்களா? கேட்டார்கள்: “எந்த நிறம் வேண்டும்?” என்று. நிறத்தோடு அவள் உரிமை முடிந்தது! பருத்தியிலே எளிய வேலைப்பாட்டோடு போதும் என்று அவள் சொன்னது எனக்குத் தெரியும். “பிறகு ஊர் என்ன சொல்லும்?” என்பதே விடை. கல்லூரிக்குப் போனாள், வேலைக்குப் போனாள், சம்பளம் கொண்டுவந்தாள். தன் தோள் அளவைத் தானே சொல்ல அவளுக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை.

சரி, என்ன செய்யலாம்? குறை கூறிவிட்டுப் போவது எளிது; நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். கற்பித்தவர் அந்தத் தையற்காரம்மாதான்.

நோட்டிலே கூலியை முதலில் எழுத வேண்டும். மிச்சத்திலே துணி எடுக்க வேண்டும். நாம் தலைகீழாகச் செய்கிறோம். 50,000தான் உண்டு என்றால், தையல், லைனிங், குஞ்சம், ஓரம், திருத்தம் இவற்றுக்கெல்லாம் ஒதுக்கிவிட்டு, மீதம் உள்ளதற்கு என்ன புடவை கிடைக்கும் என்று கடைக்குள் நுழைய வேண்டும். திருத்தம் என்பதைத் தனி வரியாக எழுத வேண்டும். அது நேரக்கூடாத விபத்தன்று. மணம் உறுதியான நாளுக்கும் மணநாளுக்கும் இடையே பெண்ணின் உடல் மாறுகிறது. விருந்தும் அலைச்சலும் கவலையும் சேர்ந்தால் இளைக்கவும் செய்யும், பெருக்கவும் செய்யும். மாறுகிற உடலுக்கு மாறாத துணி தைப்பதுதான் மடமை.

அளவு ஜாக்கெட்டை நம்பக்கூடாது. ஆளையே நிறுத்தி அளவெடுக்க வேண்டும். ஆரி வேலை வேண்டுமே வேண்டும் என்று நின்றால், அதன் முறையை அறிந்து கொடுக்க வேண்டும். துணியை வெட்டித் தைத்த பிறகு அதைச் செய்வதில்லை. சட்டத்திலே துணியை இழுத்துக் கட்டி, அளவுக் கோடுகளை முதலிலே வரைந்து, கொக்கி ஊசியால் மணியும் நூலும் கோத்து, பிறகுதான் வெட்டுகிறார்கள். ஆக, கோடு பிழைத்தால் வேலை முழுதும் பிழைத்தது! அதற்கு முன்பே மலிவான பருத்தித் துணியில் ஒரு மாதிரி இரவிக்கை தைத்து அணிந்து பார்த்துவிட்டால், பிழை நூறிலோ இருநூறிலோ முடியும். கழுத்திலும் கை ஓரத்திலும் வேலைப்பாட்டை நிறுத்திக்கொண்டு, பக்கத் தையலை ஒட்டி ஓர் அங்குலம் மணியில்லாமல் விடச் சொல்ல வேண்டும்.

உள்ளே விடும் துணியைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டுத் திகைத்தேன். இரு பக்கத்திலும், முன்துணி பின்துணி இரண்டிலும் ஓர் அங்குலம் கூடுதலாக மடித்துவிட்டால், பின்னாளில் சுற்றளவிலே மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் தளர்த்தலாமாம். தையலைப் பிரித்தால் போதும்! பிள்ளை பெற்ற பிறகும் அதே இரவிக்கையை அணியலாம். ஒரு நாளைக்கென்று தைத்தது பத்தாண்டு உழைக்கும். இந்த அங்குலத்துக்குக் கூலி கிடையாது, சொன்னால் போதும். சொல்வதற்குத்தான் நமக்கு நேரமில்லை. அணிந்து பார்ப்பதற்கும் நேரம் வைப்பதில்லை. பத்து நாட்களுக்கு முன் ஒருமுறை, மூன்று நாட்களுக்கு முன் ஒருமுறை அணிந்து பார்த்தால் நள்ளிரவுக் கதவுத் தட்டலே இல்லை.

ஆடவர் சிரிக்க வேண்டாம்! வரவேற்பு மேடையிலே, இந்த வெயிலிலே, வாடகைக் கோட்டுக்குள் வெந்துகொண்டு நிற்கும் தோழர்களையும் காண்கிறேன். தோளிலே பஞ்சு, முதுகிலே ஊக்கு, கால்சட்டையிலே அவசரத் தையல். முன்பக்கம் மட்டும் மாப்பிள்ளை! லெகங்காவும் அந்த இனந்தான். ஒரு மாலை நேரத்துக்காக 18,000; இன்று பெட்டியிலே அந்துருண்டையோடு தூங்குகிறது. அதை வாடகைக்கு எடுத்திருக்கலாம். எடுக்காமலே இருந்திருந்தால் இன்னும் நன்று.

அந்த அம்மையாருக்கு வருகிறேன். பணத்தைக் கடைசியில் கொடுப்பது, “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பது, சாப்பிட்டுப் போகச் சொல்லிக் கூலியைக் குறைப்பது! இவைதாம் நம் வீட்டார் அவருக்குச் செய்யும் மரியாதை. 9,000 ரூபாய் ஆரி வேலையிலே, சட்டத்தின்முன் நாள் கணக்காகக் குனிந்து கண் தேய்ந்த பெண்ணின் கையில் எவ்வளவு போய்ச் சேர்ந்தது? ஒருவரும் கேட்கவில்லை. நானும் அன்று கேட்கவில்லை. தையல் தொழிலாளர்க்கென்று நம் மாநிலத்திலே ஒரு நல வாரியம் இருக்கிறது. அதில் சேர்ந்திருக்கிறீர்களா என்று அந்த அம்மையாரை அண்மையிலே கேட்டேன். “அதற்கெல்லாம் யார் அலைவது, பாப்பா? தைக்கவே பொழுது போதவில்லை” என்றார். மன்றம் வைத்திருக்கும் தோழர்களே, உங்கள் தெருவிலே எத்தனை தையல் இயந்திரங்கள் ஓடுகின்றன என்று எண்ணியதுண்டா? மாலைக் கூட்டத்துக்கு நாற்காலி போடும் நேரத்திலே ஓர் அரைமணி எடுத்து, அவர்களுடைய படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாமே! நான் அவருக்காக அலையத் தொடங்கியிருக்கிறேன்.

அடுத்த மணமகள் நான். மணநாள் வருகிற ஆடியிலே! மண்டபம் கேட்ட நாளிலே கிடைத்தது. அத்தை இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பேசினார், “ஆடியிலா?” என்று. அம்மா மௌனம். அப்பா மட்டும் புது நோட்டு ஒன்றை எடுத்துவந்து என்னிடமே கொடுத்தார். முதல் வரியிலே தையற்கூலி எழுதியிருக்கிறேன், நள்ளிரவுக்குக் கொடுத்த கூலியையே பகலுக்கும் வைத்து. இரண்டாம் வரியிலே திருத்தம். பாதிப் பணம் முன்னதாகவே கொடுத்தாயிற்று. புடவை கைத்தறிப் பருத்தி. அதன் விலை நான்காம் வரியில் இருக்கிறது.

சென்ற ஞாயிறு அளவெடுக்கப் போனேன். நாடாவைத் தோளிலே போட்டுக்கொண்டே தையற்காரம்மா கேட்டார்: “உள்ளே எத்தனை அங்குலம் விடட்டும், பாப்பா?”

“தாராளமாக விடுங்கள், அம்மா” என்றேன்.